ஐந்து நாள் விலக்கு

தொண்ணூறுகளின் நடுவில், பெங்களூரு மில்லில் வருடக்கணக்காகப் பஞ்சுத் தூசியை விழுங்கிய அப்பாவை, நல்ல காற்றுள்ள இடத்தில் வையுங்கள் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நந்தி மலையடிவாரத்தில், பழைய கற்கோயிலுக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு ஓட்டு வீடு வாடகைக்குக் கிடைத்தது. வீட்டுக்காரம்மா பின்கட்டில் இருந்தார். அது அவருடைய மாமனார் கட்டிய வீடு. மகள் கல்யாணத்தையும் அங்கேயே வைத்துக்கொள்வதாக இருந்தார்.

ஒருநாள் முழுக்க அப்பாவின் இருமலைக் கேட்டுவிட்டு என்னிடம் வந்தார்.

"தம்பி, பேஜார் பண்ணிக்காதீங்க. உங்கப்பா நூறு வயசு இருக்கட்டும். ஆனா அடைப்பு நட்சத்திரத்துல ஏதாவது ஆயிடுச்சுன்னா வீட்டையே பூட்டிப் போடணும். மாசக்கணக்கா விளக்கேத்த முடியாது. அப்புறம் எம்பொண்ணு கல்யாணம்?"

அவிட்டம் தொடங்கி ரேவதி வரை, மாதத்தில் ஐந்து நாள். அந்த நாட்களில் மட்டும் அப்பா வேறெங்காவது இருக்க வேண்டும். எனக்குச் சுருக்கென்றது. ஆனால் சீக்காளி என்றதுமே கதவைச் சாத்தியவர்களையும் பார்த்துவிட்டுத்தான் அங்கே வந்திருந்தோம்.

அப்பாதான் சிரித்தார். "பொம்பளைங்களுக்கு மூணு நாளு, எனக்கு அஞ்சு நாளா? நல்ல யோகம்டா!"

மாதாமாதம் அந்த அம்மா பஞ்சாங்கம் பார்த்து நாள் சொல்வார். பஸ் ஏறி பெங்களூரு லிங்கராஜபுரத்தில் என் தங்கை வீட்டுக்குப் போவோம். மலைக்காற்றில் சேர்ந்த தெம்பெல்லாம் வழிப்புகையிலேயே கரைந்துவிடும். திரும்பி வந்து கூடத்தில் கால் நீட்டியதும்தான் அப்பா முகம் தெளியும். "இங்கயே கெடந்து போய்ட்டா தேவல" என்பார், என்னைப் பார்க்காமல்.

கல்யாணம் நெருங்கிய மாதம் அப்பாவால் எழுந்து உட்காரவே முடியவில்லை.

"இந்தத் தடவை மட்டும் விட்டுடுங்கம்மா" என்று கேட்டுப் பார்த்தேன். அந்த அம்மா முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு நின்றார்.

"அவங்கள நச்சரிக்காதடா. பொண்ணப் பெத்தவங்க" என்றார் அப்பா.

கார் பிடித்து அழைத்துப் போனோம். மறுநாள், அந்த ஐந்தில் இரண்டாவதான சதயத்தில், தங்கை வீட்டில் போய்விட்டார்.

காரியமெல்லாம் முடிந்து வீட்டைக் காலி செய்யப் போனேன். அந்த அம்மா வாசலில் நின்று, "தங்கச்சி வீட்டைப் பூட்டிட்டீங்களா?" என்று கேட்டார்.

"இல்லம்மா. எங்கப்பா எனக்கு என்ன கெடுதல் பண்ணிடுவாருன்னு சொல்லிட்டா."

அவர் சாவியை வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். பிறகு மெல்லக் கேட்டார்: "அங்க கடைசியா கொஞ்சமாச்சும் தூங்கினாரா?"

"இல்லம்மா" என்றேன்.