மூன்றாவது அலமாரி, கீழ்த்தட்டு

போன் அடித்தால்தான் ஸ்டோர்க்காரம்மா எழுந்து உட்காருவார். ஜன்னலைத் திறக்க, தலை வார, எதற்கும் வராத கை அதற்கு மட்டும் நீளும். “மூணாவது அலமாரி, கீழ்த்தட்டு, நீல டப்பா. லேபிள நம்பாதீங்க, தொறந்து பாருங்க” என்பார். குரலில் அப்படி ஒரு தெம்பு. பேசி முடித்ததும் பழையபடி சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்.

நான் பக்கத்து வீட்டுக்காரி. தினமும் ஒரு நடை போய் எட்டிப் பார்ப்பேன். லிப்டு பழுதுபார்க்கும் கம்பெனி ஒன்றின் ஸ்டோரில், அதாவது உதிரிபாகக் கிடங்கில், பதினெட்டு வருஷம் இருந்தவர் அவர். எந்தத் திருகு எங்கே என்பதெல்லாம் தலைக்குள்தான். ஒரு காகிதத்தில்கூடக் கிடையாது. “எழுதி வெச்சுட்டா எவன் என்கிட்ட வந்து பேசுவான்?” என்று சிரிப்பார். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது.

மனச்சோர்வு என்று டாக்டர் எழுதிக் கொடுத்து, மூன்று மாத மருத்துவ விடுப்பு. “காய்ச்சல்னா தொட்டுப் பாக்கச் சொல்லலாம். இத எங்கடி தொட்டுக் காட்டுறது?” என்று ஒருநாள் கேட்டார். நான் காலி தம்ளரை எடுத்துக்கொண்டு கழுவப் போய்விட்டேன்.

போன் செய்பவர், ஸ்டோரில் அவர் இடத்தில் தற்காலிகமாக உட்கார்ந்தவர். ஒரு நாளைக்கு ஏழெட்டுத் தடவை கூப்பிடுவார். “பேசட்டும் விடுங்க, அப்பவாவது உசுரோட இருக்கா” என்றார் ஸ்டோர்க்காரம்மாவின் வீட்டுக்காரர். நானும் தலையாட்டினேன். வடிகட்டிய முட்டாள்கள் நாங்கள் இருவரும். அம்மா சொல்லச் சொல்ல அந்த ஆள் அத்தனையையும் கம்ப்யூட்டரில் ஏற்றிக்கொண்டிருந்திருக்கிறார்.

பத்தாவது வாரம் கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. ஸ்டோர் வேலைகள் இப்போது தடையின்றி நடப்பதால் அவருடைய பணியிடம் நீக்கப்படுகிறதாம். விரைவில் குணமடைய வாழ்த்துகளாம். வாழ்த்து வேறு!

வீட்டுக்காரர் வாய்க்கு வந்தபடி திட்டித் தீர்த்தார். அம்மா கடிதத்தை மடித்தார். “இன்னும் மூணு வாரம்தானே இருந்துச்சு” என்றார். வேலைக்குத் திரும்பும் அந்தத் தேதியைப் பிடித்துக்கொண்டுதான் அவர் மாத்திரைகளை விழுங்கி வந்தார் என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது.

மறுநாள் காலை நான் அங்கே இருக்கும்போதே மறுபடியும் அந்த ஆளின் போன். வீட்டுக்காரர் பாய்ந்து பிடுங்குவதற்குள் அம்மா எடுத்துவிட்டார். பட்டியலில் ஏறாமல் விட்டுப்போன ஏதோ ஒரு ஸ்பிரிங்.

“அக்கா, எங்க தேடியும் கெடைக்கல.”

“அது சொன்னா உங்களுக்குப் புரியாது” என்றார் அம்மா. “இருங்க, நானே வந்து எடுத்துத் தர்றேன்.”

போனைக் காதில் வைத்தபடியே இரண்டு கால்களையும் கீழே இறக்கி, கட்டிலுக்கடியில் செருப்பைத் துழாவத் தொடங்கினார்.