ஏழாம் இலக்கக் கொடி

தொண்ணூறுகளில், ரொறன்ரோவுக்கு வந்த முதல் கோடையில், ஐந்து குடும்பங்களின் பிக்னிக்கிற்குப் பூங்காவில் இடம் பதிவுசெய்தவன் நான்தான். அவர்கள் தந்த பெர்மிட் காகிதத்தில் ‘இடம் 7’ என்று இருந்தது. உள்ளே தேடிப் போனால், கம்பளம் விரித்ததுபோல் ஒரு புல்தரை. அதில் 7 என்று எழுதிய சிறு கொடி.

“பாத்தீங்களே, எங்களுக்கெண்டு கொடியும் நட்டு வைச்சிருக்கிறாங்கள்!” என்றேன்.

பாய்களை விரித்து இடியப்பப் பெட்டியைத் திறந்தோம். சொதி ஊற்றும் நேரத்தில் வெள்ளைப் பந்தொன்று உருண்டு வந்து பாயோரம் நின்றது. பின்னாலேயே கையில் மட்டையோடு ஒரு வெள்ளைக்கார முதியவர்.

“ஐயோ, இது ரீவியில காட்டுற கோல்ஃப் விளையாடுற இடமப்பா!” என்றாள் மனைவி.

எங்கள் அகதி வழக்கு முடியாத காலம். இவர் பொலிஸைக் கூப்பிட்டால்? பெர்மிட்டை நீட்டினேன். அவர் அதை வாசித்தார். கொடியைப் பார்த்தார். பிறகு கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

பாயைக் கொஞ்சம் மடிக்கும்படி சைகை காட்டிவிட்டுப் பந்தை மெதுவாகத் தட்டினார். அது கொடியடியில் இருந்த குழிக்குள் விழுந்ததும் எல்லோரும் கைதட்டினோம். தன் ஆட்டத்துக்கு இதுவரை யாருமே கைதட்டியதில்லை என்று சொல்லித் தொப்பியைக் கழற்றிக் குனிந்தார். சொதிப் பானையை என்னோடு சேர்ந்து தூக்கி, மரங்களுக்கு அப்பால் இருந்த எங்கள் இடத்துக்குக் கூட்டிப்போனார்.

ஊரில் சோதனைச்சாவடியிலும் சரி, இங்கு குடிவரவு அலுவலகத்திலும் சரி, நான் நீட்டிய காகிதத்தைப் பார்த்து அதுவரை ஒருவரும் சிரித்ததில்லை. இந்த நாட்டில் அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக வயிறாரச் சாப்பிட்டேன்.