நெடுந்தீவுக்குச் சைக்கிளில் கலியாணம் சொல்லப் போனது

வைகாசிக் கடைசியில், சோழகக் காற்று எழும்பி நின்ற ஒரு நாள், நானும் மனைவியின் அண்ணனும் அல்லைப்பிட்டியிலிருந்து, நெடுந்தீவுக்கு லோஞ்ச் என்கிற மோட்டார்ப் படகு வெளிக்கிடும் குறிகட்டுவான் துறை வரை சைக்கிளில் போனோம். அந்தப் பயணத்தில் எனக்குப் பிடித்தது ஒன்றும் இல்லை. காற்றைப் பிடிக்கவில்லை, வெயிலைப் பிடிக்கவில்லை. கூட வந்தவரைக் கடைசி வரைக்கும் பிடிக்கவில்லை.

ஆனியில் மகளுக்குக் கலியாணம். நெடுந்தீவில் இருக்கிற என் மனைவியின் அக்காவுக்கு, அதாவது என் மச்சாளுக்கு, நேரில் போய்ச் சொல்லவேண்டி இருந்தது. எங்கள் பக்கத்தில் போனில் சொன்னால் அது சொன்னதாகாது. தட்டத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, கார்ட்டின் நாலு மூலைக்கும் மஞ்சள் தடவி, வீட்டுக்குள் போய் இருந்து சொல்லவேண்டும். மகள் சின்னப்பிள்ளையாக இருந்த காலத்தில் மனைவிக்கு இரண்டு வருசம் உடம்புக்கு ஏலாமல் இருந்தது. அந்த இரண்டு வருசமும் பிள்ளையைத் தன்னோடு வைத்திருந்து வளர்த்தவ மச்சாள்தான். மகள் தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"பெரியம்மா வராட்டி நான் மணவறையிலை ஏறமாட்டன் அப்பா. பகிடியெண்டு நினைக்காதேங்கோ."

பகிடி இல்லை என்று எனக்குத் தெரியும். பிடிவாதத்தில் அவள் பெரியம்மாவேதான்.

மச்சாள் மூன்று வருசமாக எங்கள் யாரோடும் கதையில்லை. கோபம் எங்களில் இல்லை, தம்பியில். தம்பி என்றால் என்னோடு சைக்கிளில் வந்தவர், வெளிநாட்டில் மலையும் ஆறும் உள்ள ஒரு தேசத்தில் முப்பது வருசமாக இருப்பவர். மச்சாளின் புருசன் செத்தபோது அவர் வரவில்லை. வராததைக்கூட மச்சாள் விட்டிருப்பா. ஆனால் நெடுந்தீவில் பிணம் எரிந்துகொண்டிருந்த அன்று பின்னேரம், அவர் ஒரு மலைச் சுரங்க வாசலில் சைக்கிளோடு நின்று பல்லைக் காட்டிச் சிரிக்கிற படம் ஊரில் எல்லாருடைய போனுக்கும் வந்து சேர்ந்தது. செத்தவீட்டு முற்றத்தில் பாய் விரித்து இருந்த சனமே அதை மச்சாளுக்குக் காட்டியது. அவரோடு நாங்கள் தொடர்ந்து கதைத்தோம் என்பதற்காக எங்களையும் வெட்டிவிட்டா.

"கூடப்பிறந்தவன் முன்னாலை போய் நிண்டால்தான் அக்கா இறங்குவா. நீங்கள் தனியப் போனால் படலையும் திறக்கமாட்டா" என்று மனைவி சொன்னா. கலியாணத்துக்கு அவர் வந்து எங்கள் வீட்டில் நின்றார். வரும்போது தன் சைக்கிளையும் பெட்டியில் அடைத்துப் பிளேனில் கொண்டுவந்திருந்தார்.

"பஸ் இருக்கு மச்சான். விடியப் பஸ் எடுத்தால் நேரே துறையடியிலை இறக்குவான்" என்று நான் சொல்லிப் பார்த்தேன்.

"பஸ்ஸிலை போய் என்னத்தைக் காணுறது? நாங்கள் அங்கை ஓடுற ரோட்டை நீர் பாத்தால் இப்பிடிக் கதையீர். பழைய ரயில் பாதை. தண்டவாளத்தைக் கழட்டிப்போட்டுச் சைக்கிளுக்கெண்டே விட்டிருக்கிறாங்கள். ஒரு வாகனம் வராது. ஆத்தோடையே போகும், பிறகு மலையைக் குடைஞ்சு மற்றப் பக்கத்தாலை வரும்."

"அந்தச் சுரங்கத்துக்குள்ளை லைற் இருக்கோ?"

"சிலதுக்குள்ளை இல்லை."

"அப்ப விழுந்தால் ஆர் தூக்குறது?"

அவர் சிரித்தார். நான் சிரிக்கக் கேட்கவில்லை. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்ட நாளிலிருந்து எதைச் செய்வதென்றாலும் அதில் எந்த இடத்தில் விழலாம் என்றுதான் எனக்கு முதலில் தோன்றும். சரி என்று சொல்லிவிட்டு இரவு முழுக்க என் சைக்கிளின் பழைய ரயரை நினைத்துக்கொண்டு கிடந்தேன்.

விடிய வெளிக்கிட்டோம். அவர் உடம்போடு ஒட்டின கறுப்பு அரைக்காற்சட்டை, மஞ்சள் சேட், ஹெல்மெற். எதற்கும் இருக்கட்டுமென்று அவருக்கு ஒரு வேட்டியை என் பையில் வைத்துக்கொண்டேன். கலியாணக் கார்ட்டை இரண்டு பொலித்தீன் பையில் சுற்றி அதற்குள்ளேயே வைத்து, ஐந்து நிமிசத்துக்கு ஒருக்கால் கையை விட்டுத் தொட்டுப் பார்த்தேன். அவருடைய சைக்கிளுக்கு இருபதுக்கு மேலே கியர். என்னுடையது பழைய பார் சைக்கிள், ஏறி நின்று மிதித்தால்தான் நகரும்.

தென்மேற்கே போகிறவனுக்குச் சோழகம் நேரே நெஞ்சில் அடிக்கும். வேலணை தாண்டும் வரை பனைகள் கொஞ்சம் மறைத்தன. அதற்குப் பிறகு புங்குடுதீவுக்குப் போகிற தாம்போதி. இரண்டு பக்கமும் கடல், நடுவில் நாடாப்போல ரோட்டு, ஒதுங்க ஒரு மரமில்லை. காற்று சைக்கிளின் கழுத்தைப் பிடித்துக் கடல் பக்கம் திருப்பியது. உதட்டில் உப்புக் காய்ந்து வெடித்தது. எதிரே வந்த பஸ்காரன் எங்களைக் கண்டதும் கோனை விடாமல் அழுத்திக்கொண்டு போனான். அந்தச் சத்தத்தில் நான் கரைக் கல்லோடு உரசிக்கொண்டு நின்றேன்.

மச்சானோ ஆறுதலாக, அவசரமே இல்லாமல் வந்தார். இரண்டு தரம் நின்று கொக்குப் பார்த்தார். ஒரு தரம் தண்ணீருக்குள் நட்டிருந்த வலைத்தடிகளைப் பார்த்தார். மூன்றாம் தரம் நின்று போனை என்னிடம் நீட்டினார்.

"ஒரு படம் எடும். கடல் தெரியவேணும்."

எனக்குத் தலைக்குள் சூடேறியது. அக்காவின் வீட்டுக்குப் போகிற வழியில் அதே ஹெல்மெற்றோடு இன்னொரு படம். போனைத் தூக்கிப் பிடித்தேன், ஒன்றையும் அழுத்தாமல் திருப்பிக் கொடுத்தேன். அவர் பார்க்காமலே சட்டைப்பைக்குள் வைத்துவிட்டார்.

"மச்சான், லோஞ்ச் போயிடும்" என்றேன்.

"போகாது. நேரம் கிடக்கு."

"நீங்கள் வேணுமெண்டுதான் பிந்துறியள்."

இது என் வாயிலிருந்து எப்படி வந்ததென்று தெரியாது. அவர் சைக்கிளை நிறுத்தினார்.

"என்ன சொன்னீர்?"

"லோஞ்ச்சை விடத்தான் சைக்கிளிலை வந்தனீங்கள். விட்டால் அக்காவின்ரை முகத்திலை முழிக்கத் தேவையில்லை. வந்தம், காத்துக் குழப்பிப்போட்டுது எண்டு என்ரை மனுசிக்குச் சொல்லலாம்."

"வாயை மூடிக்கொண்டு வாரும்."

இல்லை என்று அவர் சொல்லவில்லை. அதற்குப் பிறகு மடத்துவெளி தாண்டும் வரை அவர் முன்னாலே போனார், நான் பின்னாலே போனேன். எனக்கு வாய் உலர்ந்து நாக்கு ஒட்டியது. அவருடைய சைக்கிள் தண்டில் தண்ணீர்ப் போத்தல் இருந்தது. கேட்கவில்லை. அவரும் தரவில்லை.

நாங்கள் துறையடிக்குப் போய்ச் சேர, லோஞ்ச் கயிறு அவிழ்க்க ஆயத்தமாக நின்றது. சைக்கிள்களைத் தூக்கிக் கூரையில் போட்டார்கள். என்னுடைய சைக்கிளைச் சரியாகக் கட்டவில்லை என்று இரண்டு தரம் சொன்னேன். கட்டினவன், "ஐயா, கடலுக்கை விழுந்தால் மீன் ஏறி ஓடட்டும்" என்றான். உள்ளே மரக்கறிப் பெட்டிகளுக்கு நடுவே இருந்த ஒரு பொம்பிளை மச்சானை மேலும் கீழும் பார்த்தா.

"அண்ணை, தைக்கேக்கை துணி காணாமல் போச்சோ?"

சனம் சிரித்தது. நானும் சிரித்தேன். அவர் என்னை மட்டும் முறைத்தார்.

கடல் அன்று குழம்பிக் கிடந்தது. ஒவ்வொரு அலைக்கும் லோஞ்ச் ஏறி விழ, நான் கார்ட்டுப் பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு இருந்தேன். மச்சான் கம்பியைப் பிடித்தபடி கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவர் பயந்ததைப் பார்க்க எனக்குச் சந்தோசமாக இருந்தது, மறைப்பானேன்.

நெடுந்தீவில் இறங்கினதும் வேட்டியை எடுத்து நீட்டினேன்.

"இதைக் கட்டுங்கோ."

"வேட்டியோடை எப்பிடிச் சைக்கிள் ஓடுறது?"

"உருட்டிக்கொண்டு போவம்."

"எனக்கு ஏலாது" என்று சொல்லி ஏறி மிதித்தார்.

மச்சாளின் காணியைச் சுற்றி ஆளுயரத்துக்குக் கோறை என்கிற பவளக்கல் அடுக்கின மதில். படலைக்கு உள்ளே நின்று மாட்டுக்குத் தண்ணீர் வைத்துக்கொண்டிருந்தா. சைக்கிள் சத்தத்துக்குத் திரும்பினா. தம்பியைக் கண்டதும் வாளியைக் கீழே வைத்தா.

"சர்க்கஸ் இங்கை இல்லை. அங்காலை போய்க் காட்டுங்கோ."

"அக்கா..." என்றார் மச்சான்.

"படம் எடுத்தாச்சோ? எடுக்காட்டி எடுத்துக்கொண்டு போ. நல்ல வெளிச்சம் கிடக்கு."

நான் பையைத் திறந்து தட்டத்தை எடுத்தேன். வெற்றிலை நிலத்தில் விழுந்தது. மச்சாள் என்னைப் பார்த்தா.

"நீர் வாரும். பிள்ளையின்ரை அப்பன் எண்டபடியாலை வாரும்."

என் பின்னாலே அவரும் வந்தார். வேண்டாம் என்று மச்சாள் சொல்லவில்லை. விறாந்தையில் இரண்டு கதிரை போட்டா. நான் தட்டத்தைக் கார்ட்டோடு நீட்டிச் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அவ அதை வாங்கவில்லை, மேசையில் வை என்று கண்ணால் காட்டிவிட்டுக் குசினிக்குள் போனா. திரும்பி வரும்போது கையில் செம்பு நிறையத் தண்ணீர்.

எனக்கு உயிர் வந்தது. எங்கள் ஆட்களிடத்தில் கோபத்தில் இருக்கிற வீட்டுக்காரி தன் கையால் தண்ணீர் கொண்டுவந்தால் முக்கால்வாசிக் கோபம் முடிந்த மாதிரி. வாங்கி இரண்டு மிடறு குடித்தால் போதும், மிச்சக் கதை பிறகு. வாங்காவிட்டால் உன்ரை வீட்டில் கை நனைக்கமாட்டேன், உறவு வேண்டாம் என்று அர்த்தம். இது பால்குடிக்கும் தெரியும்.

செம்பைத் தம்பியிடம்தான் முதலில் நீட்டினா. அவர் உள்ளங்கையைக் காட்டினார்.

"வேண்டாம் அக்கா. என்னட்டைத் தண்ணி இருக்கு."

சொல்லிவிட்டு, கையோடு கழட்டிக்கொண்டு வந்திருந்த போத்தலைத் தூக்கி, அக்காவின் முன்னாலேயே மடமடவென்று குடித்தார்.

நெடுந்தீவுத் தண்ணீர் கொஞ்சம் உவர். வெளிநாட்டு வயிற்றுக்கு ஒத்துவராது என்று பயந்திருப்பார். அவமதிக்கவென்று அவர் செய்யவில்லை, அதை நான் இப்போதும் நம்புகிறேன். நம்பினாலும் மன்னிக்கவில்லை. அந்த வீட்டில் பிறந்த மனிதன்.

மச்சாள் செம்போடு முற்றத்துக்குப் போய்த் தண்ணீரை முருங்கையின் அடியில் ஊற்றினா.

"சரி. போயிட்டு வாருங்கோ. தட்டத்தையும் எடுத்துக்கொண்டு போங்கோ."

"அக்கா, அந்தப் படம் முந்தின நாள் எடுத்தது. அத்தான் செத்தது எனக்கு..."

"முந்தின நாள் எடுத்ததை எரிக்கிற நாளிலை ஏன்டா போட்டனீ?"

அவர் போத்தலின் மூடியைத் திருகினார், கழட்டினார், திரும்பத் திருகினார். பிறகு என்னைப் பார்த்து, "மச்சான், எழும்பும். லோஞ்ச் போயிடும்" என்றார்.

பஸ் போயிடும், லோஞ்ச் போயிடும் என்று ஊரையே எழுப்புகிறவன் நான். அன்றைக்குக் கால் எழும்பவில்லை. மணவறையில் ஏறமாட்டேன் என்ற பிள்ளையின் முகம் கண்ணுக்கு முன்னால் நின்றது.

"நீங்கள் போங்கோ. நான் சாப்பிட்டிட்டு வாறன்."

என்னைச் சாப்பிடச் சொல்லி யாரும் கேட்கவில்லை. மச்சாள் திரும்பிப் பார்த்தா. மச்சான் ஹெல்மெற்றை மாட்டிக்கொண்டு போனார். ரோட்டுக் கல்லில் அவருடைய ரயர் நெரிபடும் சத்தம் மதில் முடியும் வரை கேட்டது.

"உமக்கு வெக்கமில்லையோ?" என்றா மச்சாள்.

"இல்லை மச்சாள்."

"சோறு காச்சேல்லை."

"காச்சுமட்டும் இருக்கிறன்."

"லோஞ்ச் போயிடும். பிறகு நாளைக்குத்தான்."

"போகட்டும்."

வாய்தான் போகட்டும் என்றது. பின்னேரம் போடுகிற பிறசர்க் குளிசை கொண்டுவரவில்லை. போனில் சார்ஜ் இல்லை. மச்சான் வீட்டுக்குப் போய் என் மனைவியிடம் என்ன கதை கட்டுவாரோ. இந்த மனுசி சோறு தராவிட்டால் எத்தனை மணிக்கு வெளியே தள்ளுவாவோ. கதிரையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு இருந்தேன்.

குசினிக்குள் சட்டி பானை அடிபட்டது. அடிபடுகிற சத்தத்துக்கு நடுவே மச்சாள் எனக்குக் கேட்கவேண்டுமென்றே கதைத்தா.

"அந்த மனுசன் கடைசியிலை இவனைத்தான் கேட்டுக்கொண்டு கிடந்தது. மச்சான் வெளிக்கிட்டானாமோ, மச்சான் வெளிக்கிட்டானாமோ எண்டு. நான் ஓம், பிளேன் ஏறிட்டான் எண்டு பொய் சொன்னனான். சாகிறவனுக்குப் பொய் சொல்ல வைச்சிட்டான் நாய்."

தூரத்தில் லோஞ்ச்சின் கோன் கேட்டது. அதுவும் போனது.

சோறு, சொதி, ஒரு கருவாட்டுப் பொரியல். கோப்பையை மேசையில் வைத்த விதத்தில் சொதி சிந்தியது. நான் கையைக் கழுவிவிட்டுக் குனிந்த தலை நிமிராமல் சாப்பிட்டேன். மச்சாள் தூணோடு சாய்ந்து நின்று பார்த்துக்கொண்டே நின்றா. பாதிச் சோறு முடிந்திருக்கும்.

"தாலி எத்தினை மணிக்கு?"

எனக்குப் புரைக்கேறியது. இருமி முடித்து மணியைச் சொன்னேன்.

"வருவன். பிள்ளைக்காக வருவன். ஆனால் அவன் மணவறைப் பக்கம் நிக்கக்கூடாது. நிண்டானெண்டால் பிள்ளைக்கு அறுகரிசி போட்டு வாழ்த்தாமல் எழும்பி வந்திடுவன்."

அவர் பிள்ளையின் தாய்மாமன். மனைவி தன் அண்ணனை மணவறைக்குப் பக்கத்திலேயே நிறுத்துவதென்று வேட்டி சால்வை எல்லாம் எடுத்து வைத்திருந்தா. இதைக் கேட்டால் என்னைத் தின்றுவிடுவா. அவரோ ஊர் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிவார், அடுத்த பிளேனில் ஏறினாலும் ஏறுவார். வீட்டில் யாரையும் ஒரு சொல் கேட்காமல் எந்த முடிவும் எடுத்த ஆள் இல்லை நான்.

"ஓம்" என்றேன்.

"என்ன ஓம்?"

"நிக்கமாட்டார். நான் பாக்கிறன்."

மச்சாள் மேசையில் கிடந்த தட்டத்தை எடுத்து, கார்ட்டைப் பிரிக்காமல், உள்ளே கொண்டுபோய் வைத்துவிட்டு வந்தா. முகத்தில் கோபம் அப்படியே இருந்தது.

"இன்னும் கொஞ்சம் சோறு போடவோ?"

வயிறு நிறைந்திருந்தது. போடச் சொன்னேன்.