அண்ணை அனுப்பிய படிவமும் நான் அனுப்பிய படிவமும்

ஏழு ஆண்டுகள் போறணை அடுப்புக்கு முன்னால் நின்று பாண் போட்டவன் என்று கனடா அரசாங்கத்துக்கு எழுதிக் கொடுத்தவன் நான். பாண் வாங்கப் போனதைத் தவிர வேறு எதற்கும் பேக்கரிப் பக்கம் போனதில்லை. அண்ணையைப் பற்றிச் சொல்ல வேண்டிய இடத்தில் என் மடைத்தனத்தோடு தொடங்குவது மரியாதை இல்லைத்தான். ஆனால் அந்த ஒரு வரிப் பொய்யால் அண்ணையோடு இருந்திருக்க வேண்டிய ஐந்து ஆண்டுகளை இழந்தேன். பழி அவர் தலையில் விழுந்தது. அவர் இருக்கும்வரை நான் வாய் திறக்கவில்லை. உண்மையைத் தெரிந்துகொண்டு போனாரா, தெரியாமலே போனாரா என்பது இதை எழுதும் இந்த நேரத்திலும் எனக்கு விளங்கவில்லை.

அண்ணையின் நினைவாக அச்சிடும் கல்வெட்டுக்கு எழுதித் தரும்படி கேட்டது அவருடைய மகள்.

"சித்தப்பா, அப்பா பிறந்தது, படிச்சது, வேலை, குணம், கடைசி நாள், பிறகு நன்றி. அந்த ஓடரில எழுதுங்கோ. ஜோக் ஒண்டும் வேண்டாம், ப்ளீஸ்."

"ஓம் பிள்ளை" என்றேன். ஓடர் ஏற்கெனவே பிழையாகிவிட்டது. இனியாவது ஒழுங்காகப் போகப் பார்க்கிறேன்.

அண்ணை பிறந்தது கோண்டாவிலில். எங்கள் வீட்டில் மூத்தவர் அவர், கடைசி நான். இடையில் பத்து வயது. அவர் உயர்தரத்தில் கணிதம் படித்துக்கொண்டிருந்தபோது அப்பா காலமானார். புத்தகங்களைக் கட்டி வைத்துவிட்டுக் கூட்டுறவுச் சங்கக் கடையில் மண்ணெண்ணெய் அளக்கப் போனார் அண்ணை. நான் பள்ளிக்கூடம் போனது அந்த மண்ணெண்ணெய் மணத்தில்தான். பிறகு இருக்க முடியாத காலம் வந்தது. அவர் புறப்பட்டு, நான்கைந்து நாடுகள் தாண்டி, ரொறன்ரோ வந்து சேர்ந்தார். எந்த நாடு முதல், எந்த நாடு பிறகு என்று கேட்டால் ஒவ்வொரு முறையும் வரிசை மாறும். அதுவும் எனக்கு இன்றுவரை குழப்பம்.

இங்கே முதலில் ஓர் உணவகத்தில் கோப்பை கழுவினார். பிறகு ஸ்காபரோவில் ரோல்ஸ், சமோசா, பற்றீஸ் செய்து உறைய வைத்துப் பெட்டியில் அடைக்கும் தொழிற்சாலையில் சேர்ந்தார். கடைசிவரை அங்கேதான். பெட்டி அடைக்கத் தொடங்கியவர் லைனுக்குப் பொறுப்பாளரானார். தலையில் வலை போட்டே முடி நரைத்தவர் அவர். வலையைக் கழற்றினாலும் நெற்றியில் அதன் கோடு இருக்கும். கோயிலுக்குப் போகும்போது அந்தக் கோட்டுக்குக் கீழே திருநீறு பூசுவார், மேலே போகாது.

அவருடைய குணத்தைச் சொல்லப் போனால் படிவத்தைத்தான் சொல்ல வேண்டும். சனிக்கிழமைகளில் மோர்னிங்சைட் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சாப்பாடு இருக்காது, மற்றவர்களின் படிவங்கள்தான் இருக்கும். ஊரிலிருந்து மருமகனை வேலைக்கு எடுக்க வேண்டும், மனைவியை எடுக்க வேண்டும், வதிவிடக் கார்ட் புதுப்பிக்க வேண்டும் என்று அஜக்ஸ், பிக்கரிங் பக்கமிருந்தெல்லாம் தாளோடு வருவார்கள். முதலில் பென்சிலால் நிரப்புவார். அடுத்து உரத்து வாசிப்பார். மூன்றாவது முறை நீலப் பேனை. யாராவது இல்லாத ஒன்றை எழுதச் சொன்னால் கோபிக்கமாட்டார். பேனையை மூடி, அவர்கள் பக்கம் தள்ளிவிடுவார்.

"உது நான் எழுதமாட்டன். நீங்கள் எழுதிறதெண்டா, இந்தாங்கோ பேனை."

அந்தப் பேனையை ஒருவரும் எடுத்ததில்லையாம். நான் அங்கே இருந்திருந்தால் எடுத்திருப்பேன்.

நான் அப்போது ஊரில் பிள்ளைகளை ஏற்றிப் பள்ளிக்கூட வான் ஓடிக்கொண்டிருந்தேன். ஒருநாள் அண்ணையின் தொலைபேசி.

"டேய், பாஸ்போட் கொப்பியும் படமும் அனுப்பு. நான் அனுப்பிற தாளில ஒப்பம் வைச்சுத் திருப்பி அனுப்பு."

"என்னத்துக்கு அண்ணை?"

"என்னத்துக்கெண்டு கேளாதை. ஒருத்தருக்கும் வாய் திறவாதை."

எங்கள் ஆட்களின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டுப் பயணத்தை விமானம் ஏறும்வரை யாருக்கும் சொல்வதில்லை, கண்ணூறு பட்டுவிடும். சூட்கேசோடு படலையில் நிற்பவனைக் கேட்டாலும் "சும்மா, கொழும்புக்கு" என்பான். ஆனால் போகிறவனுக்கே சொல்லாமல் மறைத்தவர் எனக்குத் தெரிய அண்ணை ஒருவர்தான். எனக்கு எங்கே யோசனை ஓடியது? காணி விஷயம் என்று நினைத்தேன். தாள் முழுக்க ஆங்கிலம். மூன்று முறை வாசிப்பவரின் தம்பி ஒருமுறையும் வாசிக்காமல் ஒப்பம் வைத்து அனுப்பினேன்.

உண்மையில் அது அவருடைய தொழிற்சாலையில் பெட்டி அடைக்கும் வேலைக்கு எனக்கான விண்ணப்பம். மனேஜரோடு மாதக்கணக்கில் கதைத்துச் சம்மதிக்க வைத்திருந்தார். விசா கையில் வந்த பிறகு சொல்லலாம் என்று இருந்திருக்கிறார்.

இங்கேதான் என் கெட்டித்தனத்தைக் கேளுங்கள். அதே மாதம் நான் யாழ்ப்பாணம் ரவுணில் ஒரு முகவரிடம் போய், ரொறன்ரோவில் ஒரு பேக்கரித் தொழிற்சாலை வேலைக்கு விண்ணப்பித்திருந்தேன். அண்ணைக்குச் சொல்லவில்லை. சங்கக் கடை நாளிலிருந்து என்னைத் தூக்கிச் சுமந்தவர்; இதையும் ஏன் அவர் தலையில் ஏற்றுவான் என்று நினைத்தேன். சொல்லாமல் போய் இறங்கி, மோர்னிங்சைட் வீட்டு மணியை அடித்துவிட்டு நிற்க வேண்டும். கதவைத் திறந்ததும் அவர் முகம் எப்படிப் போகும் என்று வான் ஓடும்போதே நினைத்துச் சிரிப்பேன். பின்னால் இருக்கும் பிள்ளைகள் பயப்படுவார்கள்.

முகவர் கேட்டார்: "பேக்கரி அனுபவம் இருக்கோ?"

"பாண் சாப்பிட்ட அனுபவம் இருக்கு."

"அது காணும். ஏழு வருசமெண்டு போடுறன்."

போட்டார். நானும் ஒப்பம் வைத்தேன். அதை மட்டும் வாசித்தேன்.

படம் எடுத்த கடையில் நான்கு பிரதி தந்தார்கள். இரண்டு அண்ணைக்கு, இரண்டு முகவருக்கு. எல்லாவற்றிலும் சேட்டுக் கொலரின் ஒரு பக்கம் மடிந்திருந்தது. ஒரே பாஸ்போட், ஒரே மடிந்த கொலர், ஒரே மாதம். ஒன்றில் வான் ஓட்டி, மற்றதில் ஏழு வருடப் பாண்காரன். என்னைவிடக் குழம்பிய மனிதர் ஒருவர் உலகத்தில் இருந்தாரென்றால் அது அந்த இரண்டு கோவைகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்த அதிகாரிதான். இரண்டையும் நிராகரித்தார்கள். பொய்த் தகவல் கொடுத்தவன், ஐந்து ஆண்டுகளுக்கு விண்ணப்பிக்க முடியாது என்று எழுதிவிட்டார்கள். முகவர் கடையைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார். எனக்குத் தெரிந்தது என்னுடைய படிவம் மட்டும்தான். ஒரு பொய், அதற்கு ஒரு தண்டனை, சரியாகப் போயிற்று என்று இருந்தேன்.

அடுத்த கிழமை அண்ணை தொலைபேசி எடுத்தார்.

"தம்பி, எங்கட பக்ரரிக்கு உனக்கு வேலைக்கெண்டு எழுதினனான். சரிவரேல்லை. போமில ஒரு இடம் பிழைச்சுப்போச்சு. என்ர பிழைதான். அஞ்சு வருசம் பொறுக்கவேணும்."

நான் ஒப்பம் வைத்த தாள் என்னவென்று அப்போதுதான் விளங்கியது. என் படிவம்தான் அவருடைய படிவத்தையும் சேர்த்து இழுத்து விழுத்தியது என்பதும் விளங்கியது. "அண்ணை, பிழை என்னுடையது" என்று சொல்ல வாயைத் திறந்தேன். வந்தது வேறு.

"பரவாயில்லை அண்ணை. மனுசருக்குப் பிழை வாறதுதானே."

ஆம், நான் அவரை மன்னித்தேன். அவரும் "ஓம்" என்றார்.

அதன் பிறகு படிவத்தோடு வந்தவர்களுக்கெல்லாம் அண்ணை அதைச் சொல்லியிருக்கிறார். "கவனமா வாசியுங்கோ. நானே என்ர தம்பியின்ர போமைப் பிழையா நிரப்பி அஞ்சு வருசம் போச்சு." இதை வாசிக்கும் உங்களில் பலர் அந்த மேசையில் இருந்து அதைக் கேட்டிருப்பீர்கள். சிலர் அதற்குப் பிறகு வேறு ஆளிடம் போனதும் எனக்குத் தெரியும். அவர்கள் எல்லோருக்கும் எழுத்தில் சொல்கிறேன்: அண்ணையின் படிவத்தில் ஓர் எழுத்தும் பிழையில்லை.

ஐந்து ஆண்டு முடிந்த மாதமே அவர் திரும்ப விண்ணப்பித்தார். இந்த முறை அனுப்பிய தாளை நான் நான்கு முறை வாசித்தேன். விமான நிலையத்துக்கு எனக்கொரு குளிர் அங்கியோடு வந்து நின்றார். அந்த அங்கி எனக்கு அளவாக இருந்தது, அவர் போட்டிருந்தது அவருக்குத் தொளதொளவென்று இருந்தது. நோய் அப்போதே உள்ளே இருந்திருக்கிறது.

ஒரே லைனில் நாங்கள் இருவரும் நின்றது பதினொரு கிழமை. அண்ணை லைனில் எல்லோருக்கும் பட்டம் வைப்பார், வைத்தால் அதில் ஒரு காரணம் இருக்கும். முதல் நாளே என்னைப் பார்த்துக் கத்தினார்: "டேய் பேக்கர், கையைக் கழுவினியோ?"

பெட்டியை விட்டுவிட்டுத் திரும்பினேன். "ஏன் அண்ணை பேக்கர்? இஞ்ச செய்யிறது ரோல்ஸெல்லோ?"

"உன்ர மூஞ்சை மாப் பூசின மாதிரிக் கிடக்கு. பெட்டியைப் பார், போகுது."

மூஞ்சையைக் கழுவிக்கொண்டு வந்தேன். அடுத்த நாளும் பேக்கர்தான். அவருக்குத் தெரியுமா? நிராகரித்தபோது தொழிற்சாலைக்கும் ஒரு கடிதம் வந்ததாக லைனில் ஒருவர் சொன்னார். அதில் என்ன இருந்தது, அது மனேஜரோடு நின்றதா, அண்ணை கைக்கு வந்ததா என்பது சொன்னவருக்கும் தெரியவில்லை. அண்ணைக்குத் தெரிந்திருந்தால் ஏன் தன் பிழை என்று சொல்லித் திரிந்தார்? தெரியாவிட்டால் ஏன் பேக்கர்?

மருத்துவமனையில் இரண்டு முறை சொல்லப் போனேன். முதல் முறை தாதி வந்து என்னை வெளியே அனுப்பினார். இரண்டாம் முறை, "அண்ணை, ஒரு விசயம்" என்று தொடங்கினேன். "மூண்டாம் லைன் பெட்டி ஒழுங்கா ஒட்டுதோ?" என்று கேட்டார். ஒட்டுகிறது என்று பத்து நிமிடம் விளக்கினேன். கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். இரண்டு நாள் கழித்து, ஒரு மத்தியான வேளையில், அண்ணியும் மகளும் நானும் பக்கத்தில் இருக்க, போய்விட்டார்.

இனி நன்றி. இறுதிக் கிரியைக்கு நேரே வேலையிலிருந்து, நெற்றியில் வலைக் கோட்டோடு வந்து நின்ற தொழிற்சாலைத் தோழர்களை நாங்கள் மறக்கமாட்டோம். ஒருவரும் கேளாமலே வாசல் பனியைத் தள்ளிய பக்கத்து வீட்டாருக்கும், பிக்கரிங்கிலிருந்து ஒவ்வொரு நாளும் சாப்பாடு கொண்டுவந்து, சட்டியைத் திருப்பிக் கேளாத அன்ரிக்கும், அண்ணையின் வலியைக் குறைத்த வைத்தியர்கள், தாதியர்களுக்கும், முப்பத்தோராம் நாள் அடுப்படியில் நின்றவர்களுக்கும் எங்கள் வீட்டின் நன்றி. படிவத்தோடு வந்து, அண்ணையின் சனிக்கிழமைகளுக்கு வேலை கொடுத்தவர்களுக்கும்தான்.

இவ்வளவையும் எழுதி முடித்து அடுப்படியில் வைத்து வாசித்துக் காட்டினேன். மகள் தலையில் கை வைத்தாள்.

"சித்தப்பா, சீரியஸ்லி? உதைப் பிரிண்ட் பண்ணினா இமிகிரேஷன் வாசிக்காதோ?"

"அவை எப்பவோ வாசிச்சிட்டினம் பிள்ளை. வாசிக்காத ஆக்களுக்குத்தான் எழுதிறன்."

அண்ணி போஞ்சி நறுக்கிக்கொண்டிருந்தார். எனக்குப் பொறுக்கவில்லை.

"அண்ணி, அண்ணைக்கு உது தெரியுமோ?"

அண்ணி கத்தியை நிறுத்தாமலே சொன்னார்:

"அந்தக் கடிதத்தில ஏழு வருசமெண்டு வாசிச்சுப்போட்டு மூண்டு நாள் சிரிச்சவர்."