நெல் இல்லாத பதிப்பு

காலபோக விதைப்புக்குப் பத்து நாள் இருக்கும்போது என் கணவர் உழவு இயந்திரத்தின் பின்னால் பூட்டிய பெட்டியிலிருந்து விழுந்து காலை முறித்துக்கொண்டார். விதை நெல் மூட்டையொன்றைத் தனி ஆளாகத் தூக்கி இறக்க முடியும் என்று காட்டப் போனார். யாருக்குக் காட்டினார் என்றால் எனக்குத்தான். மூட்டைக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆஸ்பத்திரியில் தொடைவரை பிளாஸ்ரர் போட்டு, மூன்று மாதத்துக்குக் கால் நிலத்தில் படக் கூடாது என்று சொல்லி அனுப்பினார்கள். மூன்று ஏக்கர் வயலை அவருடைய ஒன்றுவிட்ட தம்பி பொறுப்பெடுத்தார். இவர் விறாந்தைக் கட்டிலில் கிடந்தபடி அரைமணிக்கொரு தடவை அந்த மனிசனுக்குப் போன் எடுத்து, வரம்பு கட்டியாச்சா, வாய்க்கால் துப்புரவாக்கியாச்சா என்று விசாரித்தார். நாலாம் நாளிலிருந்து தம்பியின் போனில் சார்ஜ் இருக்கவில்லை. அதன்பிறகு மேற்பார்வை என் குசினிப் பக்கம் திரும்பியது.

நான் துணுக்காய்ப் பகுதியில் விவசாயப் போதனாசிரியர். பகல் முழுக்க ஊர் வயல்களில் ஏறி இறங்கி, எந்த நெல் எப்போது விதைக்க வேண்டும், பசளை எவ்வளவு போட வேண்டும் என்று சொல்வது என் தொழில். என் பிரிவில் என் சொல்லை ஒருநாளும் கேட்காத விவசாயி ஒருவர்தான். அவரைத்தான் கட்டியிருக்கிறேன்.

கனடாவில் இருக்கும் அண்ணாவுக்குப் போன் எடுத்து அழாத குறையாகச் சொன்னேன்.

“அண்ணா, இந்த மனுசன் இண்டைக்குத் தேங்காய் துருவிற சத்தம் சரியில்லையெண்டு சொல்லுது. என்னாலை ஏலாது.”

“மச்சானுக்கு ஒரு கேம் வாங்கிக் குடு பிள்ளை. வயல் செய்யிற கேம் ஒண்டு இருக்கு. நானே விளையாடுறனான். நான் விட்டிட்டு வந்த லப்டொப் சும்மாதானே கிடக்கு?”

முந்தின வருடம் வற்றாப்பளை அம்மன் கோயில் பொங்கலுக்கு வந்த அண்ணா, திரும்பிப் போகும்போது பெட்டியின் பாரம் கூடிவிட்டது என்று மிளகாய்த்தூளை உள்ளே வைத்து லப்டொப்பை வெளியே எடுத்துவிட்டுப் போயிருந்தார். கனடாவில் எது கிடைக்காது என்பது அவருக்குத் தெரியும்.

அன்று பின்னேரமே இணையக் கடையைத் திறந்தேன். ஒரே விளையாட்டு மூன்று எடிசனாக, அதாவது மூன்று பதிப்பாக, பெட்டி பெட்டியாக வரிசையில் நின்றது. ஸ்டாண்டர்ட், டீலக்ஸ், பிரீமியம். மூன்றுக்கும் ஒரே படம்தான். பிரீமியத்தின் படத்தில் மட்டும் உழவு இயந்திரத்துக்குப் பின்னால் சூரியன் உதித்துக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது. கலியாண வீட்டுக்குப் படம் எடுக்கிற ஸ்ரூடியோக்காரரும் இதையேதான் செய்வார்கள். சில்வர் அல்பம், கோல்ட் அல்பம், பிளாட்டினம் அல்பம் என்பார்கள். பிளாட்டினத்தில் மாப்பிள்ளையின் முகம் அழகாகவா இருக்கும்? மட்டைதான் தடிப்பாக இருக்கும். இந்த வித்தையெல்லாம் என்னிடம் பலிக்காது என்று எண்ணிக்கொண்டு ஸ்டாண்டர்டை வாங்கினேன். விவரமான பெண் என்று என்னை நானே மெச்சியும் கொண்டேன்.

எங்கள் வீட்டு இணையத்தில் அதை இறக்குவதென்றால் பிளாஸ்ரர் வெட்டுகிற நாள் வந்துவிடும். லப்டொப்பை ஸ்கூட்டரில் வைத்துக் கிளிநொச்சியில் தெரிந்த ஒரு கொம்பியூட்டர் கடைக்குக் கொண்டு போனேன். கடைக்காரர் முப்பது வயதுக்காரர், அளந்து பேசுகிறவர்.

“எந்த எடிசன் அக்கா எடுத்தனீங்கள்?”

“ஸ்டாண்டர்ட்.”

“ம்” என்றார். அந்த ‘ம்’மில் இருந்த இரக்கம் எனக்கு அப்போது விளங்கவில்லை.

இரண்டு நாளில் வீட்டில் அமைதி வந்தது. கணவர் மடியில் லப்டொப்பை வைத்து, ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ எங்கேயோ ஒரு பண்ணையில் கோதுமை விதைத்தார். சாப்பிடக் கூப்பிட்டாலும் வெட்டு மெசின் நடுவயலில் நிற்கிறது என்றார். நான் நிம்மதியாகத் தேங்காய் துருவினேன். மூன்றாம் நாள் காலை நான் வேலைக்கு வெளிக்கிடும்போது கூப்பிட்டார்.

“இஞ்ச வாரும். நெல்லு எங்கை?”

“என்ன நெல்லு?”

“இதுக்குள்ளை கோதுமை கிடக்கு, சோளம் கிடக்கு, உருளைக்கிழங்கு கிடக்கு. ஆடு மாடும் கிடக்கு. நெல்லைக் காணேல்லை. பட்டியலிலை பெயர் கிடக்கு, பூட்டுப் போட்டுக் கிடக்கு.”

எட்டிப் பார்த்தேன். உண்மைதான். நெற்கதிரின் படத்துக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பூட்டு. உலகத்தில் அரைவாசிச் சனம் சோறு தின்கிறது. அந்தச் சோற்றைப் பூட்டி வைத்துவிட்டு மாட்டுக்குப் போடுகிற சோளத்தைத் திறந்து விட்டிருந்தார்கள்.

“விவசாய இலாகாவிலை வேலை செய்யிற ஆள், நெல்லு இல்லாத வயலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறீர்” என்றார். விழுந்த நாளிலிருந்து அவர் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததில்லை.

திருப்பிக் கொடுக்கலாமா என்று பார்த்தேன். இரண்டு மணித்தியாலத்துக்குக் குறைவாக விளையாடியிருந்தால் திருப்பி எடுப்பார்களாம். இவர் அதற்குள் பத்தொன்பது மணித்தியாலம் கோதுமை செய்துவிட்டார்.

ஸ்டாண்டர்டில் இல்லாதது அடுத்த பெட்டியில் இருக்கும் என்று எண்ணுவது இயல்பு. இயல்பாக எண்ணுகிறவர்களை நம்பித்தான் அந்தக் கடை நடக்கிறது. ‘டீலக்ஸுக்கு மாறுங்கள்’ என்று ஒரு பட்டன் இருந்தது. மாறினேன். மாறியபின் கிடைத்தவை இவை: விவசாயிக்கு ஒரு சிவப்புத் தொப்பி, உழவு இயந்திரத்துக்குத் தங்க நிறப் பூச்சு, நாய்க்குக் கழுத்துப் பட்டி, விளையாட்டில் வரும் இசையைத் தனியாகக் கேட்கும் வசதி. தங்க நிற உழவு இயந்திரம் பழைய உழவு இயந்திரத்தைப் போலவே உழுதது. கணவர் தன் விவசாயிக்குத் தொப்பியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “வெய்யில் குறைஞ்சிருக்கு” என்றார்.

வெட்கத்தோடு மறுபடி கிளிநொச்சிக் கடைக்காரரிடம் போனேன்.

“தம்பி, டீலக்ஸிலையும் நெல்லு இல்லை.”

“அது இருக்காது அக்கா. டீலக்ஸ் எண்டால் சோடனை. புதுப் பயிர், புது இடம் எல்லாம் சீசன் பாஸிலை. சீசன் பாஸ் பிரீமியத்துக்குள்ளை.”

“சீசன் பாஸ் எண்டால்?”

“இனிமேல் வரப்போற சாமானுக்கு இப்பவே காசு கட்டுறது.”

“என்ன வரும் எண்டு தெரியுமோ?”

“பாதி தெரியும். மிச்சம் வந்தாப்பிறகுதான் தெரியும்.”

“தெரியாத சாமானுக்கு ஆர் தம்பி காசு கட்டுறது?”

“எல்லாரும்தான்” என்றார், முகத்தில் ஒரு மாற்றமும் இல்லாமல். “பிரீமியம் எடுத்தால் மற்றவைக்கு மூண்டு நாள் முந்தியும் விளையாடலாம். முதல் கிழமையிலை விளையாட்டு பிழை பிழையாத்தான் ஓடும். கூடக் குடுத்த ஆக்கள் அந்தப் பிழையை முந்திப் பார்க்கலாம்.”

இதற்கிடையில் அண்ணா உதவிக்கு வந்தார். உதவி கேட்காமலே செய்வது அவருடைய குணம். “நீ ஒண்டும் வாங்காதை பிள்ளை. இஞ்ச கம்ப்ளீட் எடிசன் மலிவிலை போகுது. எல்லாம் சேர்ந்தது. இப்பவே அனுப்புறன்” என்று சொல்லி, எழுத்தும் இலக்கமும் கலந்த நீளமான கோட் ஒன்றை வட்ஸப்பில் அனுப்பினார். நான் ஒவ்வொரு எழுத்தாக வாசிக்க, கணவர் ஒவ்வொரு எழுத்தாக அடித்தார். பதினேழு வருடக் கலியாண வாழ்க்கையில் நாங்கள் சண்டையில்லாமல் செய்த காரியங்களில் அதுவும் ஒன்று. கோட் செல்லாது என்று வந்தது. பூச்சியத்தை ஓ என்று வாசித்தேன் என்று அவரும், வாசித்தது சரி, அடித்ததுதான் பிழை என்று நானும் தொடங்கினோம். ஆறு தடவை அடித்தோம். ஏழாவது தடவை இணையக் கடை எங்களை ஒரு மணித்தியாலத்துக்கு வெளியே பூட்டிவிட்டது.

அண்ணாவுக்குப் போன் எடுத்தேன்.

“அது டிவியிலை பூட்டி விளையாடுற பெட்டிக்கான கோட். லப்டொப்புக்கு வேற. இது உனக்குத் தெரியாதோ?” என்றார்.

“அண்ணா, லப்டொப்பை இஞ்ச வச்சிட்டுப் போனது நீங்கள். என்னட்டை இருக்கிறது என்ன எண்டு உங்களுக்குத் தெரியாதோ?”

“ஒரே கேம்தானே எண்டு நினைச்சன்.”

“கம்ப்ளீட் எண்டு சொன்னீங்கள்.”

“கம்ப்ளீட்தான். ஆனால் உங்களுக்கில்லை.”

கோபத்தில் அன்று அந்த இணையக் கடையின் நிபந்தனைகளை முதலிலிருந்து கடைசிவரை வாசித்தேன். உலகத்தில் அதை முழுக்க வாசித்தவர்கள் எழுதின வழக்கறிஞரும் நானும் மட்டும்தான் என்று நினைக்கிறேன். நடுவில் ஓர் இடத்தில், நீங்கள் பெறுவது விளையாட்டை அல்ல, விளையாடுவதற்கான அனுமதியை மட்டுமே என்று இருந்தது. வேறொருவருக்கு விற்கவோ மாற்றிக் கொடுக்கவோ முடியாது, தேவை ஏற்பட்டால் அனுமதி மீளப் பெறப்படும் என்றும் இருந்தது. கணவருக்கு வாசித்துக் காட்டினேன். இதில் மட்டும் அவர் ஆச்சரியப்படவில்லை.

“அப்ப உறுதி இல்லை, பெர்மிட்” என்றார்.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேறிய காலத்தில் அவருடைய தகப்பனுக்கு அரசாங்கத்திடமிருந்து கிடைத்த மூன்று ஏக்கரும் இன்றைக்கும் பெர்மிட்தான். காணிக் கந்தோருக்கு எத்தனை தரம் நடந்தாலும், காணி சொந்தமென்று எழுதித் தருகிற உறுதி அடுத்த வருடம் என்பார்கள். மேசைக்கு அந்தப்பக்கம் இருக்கிறவர் மட்டும் மாறுவார். நிஜ வயலுக்கும் உறுதி இல்லாத மனிதருக்கு, பொய் வயலுக்கு இல்லாதது ஒரு குறையாகத் தெரியவில்லை.

கடைசி ஆசையாக ‘அறுவடை பண்டில்’ என்ற ஒன்று என்னைக் கூப்பிட்டது. பண்டில் என்றால் கட்டு. சந்தையில் கீரைக்கட்டை அவிழ்த்தால் நடுவில் புல்லு இருக்கும் அல்லவா, அதேதான். அதற்குள் சீசன் பாஸ் இருந்தது. கூடவே நான் முன்பே வாங்கிய ஸ்டாண்டர்ட் மறுபடியும் இருந்தது, ரயில் ஓட்டுகிற விளையாட்டொன்றும் மீன் பிடிக்கிற விளையாட்டொன்றும் இருந்தன. முல்லைத்தீவுக் கரையில் போய்க் கேட்டால், மீன் பிடிப்பதை விளையாட்டென்று சொன்னவனைத் தேடிப் பிடித்து உதைப்பார்கள்.

விரலை பட்டனில் வைத்துவிட்டு எடுத்தேன். கொப்பியும் கோடு கீற ஓர் அடிமட்டமும் எடுத்து மேசையில் இருந்தேன். பயிற்சி வகுப்பில் விவசாயிகளுக்கு ஒவ்வொரு போகமும் நான் சொல்வது ஒன்றுதான்: உறையின் முன்பக்கத்தில் இருக்கிற படத்தைப் பார்த்து விதை வாங்காதேங்கோ, பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் இருக்கிற இனம், முளைதிறன், திகதி மூன்றையும் வாசியுங்கோ. அதைச் சொல்கிற நான் சூரியன் உதிக்கிற படத்தைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். கோடு கீறி, ஒவ்வொரு பெட்டிக்குள்ளும் என்ன இருக்கிறது என்று ஒவ்வொன்றாக எழுதினேன். இரண்டு பக்கம் நிரம்பியது. அப்படி எழுதிக்கொண்டு போகும்போதுதான் பக்கத்தின் அடியில், தொப்பிகளுக்கும் நாய்ப் பட்டிகளுக்கும் கீழே, அதைக் கண்டேன்.

நெல் தனியாகவே விற்பனைக்கு இருந்தது. பதிப்பும் வேண்டாம், பாஸும் வேண்டாம், கட்டும் வேண்டாம். ஸ்டாண்டர்ட் வைத்திருக்கிற யாரும் வாங்கலாம். தொப்பியைவிட மலிவு.

கணவரிடம் சொல்லாமல் விட்டிருக்கலாம். சொன்னேன். பிளாஸ்ரர் ஆடுகிற அளவுக்குச் சிரித்தார். பிறகு நோகுதென்றார்.

நெல் வந்து சேர்ந்தது. நானும் பக்கத்தில் கதிரை போட்டு இருந்து பார்த்தேன். ஒரு பட்டனை அமத்தினார், வயல் நிறையத் தண்ணீர் வந்தது. இவர் முகத்தைச் சுழித்தார்.

“தண்ணி திறக்கக் கூட்டம் வைக்கேல்லை, குளத்து மட்டம் பார்க்கேல்லை, கடைசி வாய்க்கால்காரன் வந்து சண்டை பிடிக்கேல்லை. உது என்ன தண்ணி?”

இன்னொரு பட்டனில் நாற்று நட்டது. கொஞ்ச நேரத்தில் கதிர் முற்றியது. யானை வரவில்லை, மழை பிந்தவில்லை, வெட்டு மெசின்காரர் பக்கத்து ஊருக்குப் போய்விட்டேன் என்று சொல்லவில்லை. வெட்டினார், விற்றார், முடிந்தது. அடுத்த நாள் பார்க்கும்போது நெல் வயலை உழுது புரட்டிவிட்டு, சீனி எடுக்கிற ஏதோ ஒரு கிழங்கு போட்டிருந்தார்.

“நெல்லு என்னாச்சு?” என்றேன். என் குரல் எனக்கே நன்றாக இல்லை.

“நெல்லு எனக்குத் தெரியும்தானே. தெரிஞ்சதை என்னத்துக்கு விளையாடுவான்?”

“பிறகு ஏன் கேட்டனீங்கள்?”

“பூட்டுப் போட்டுக் கிடந்தது. அதுதான் கேட்டனான்.”

கொப்பியை அவர் தலையில் போடாமல் குசினிக்குள் கொண்டுபோய் வைத்தேன். அந்த ஒரு பதிலுக்குள் அந்த இணையக் கடைக்காரர்களின் முழு வியாபாரமும் இருக்கிறது என்று பிறகு தோன்றியது. பூட்டைக் கண்டால் திறப்புக் கேட்பது மனிதக் குணம். அவர்கள் விற்பதும் திறப்பைத்தான்.

தை கடைசியில் பிளாஸ்ரர் வெட்டினார்கள். கால் மெலிந்து, நிறம் மாறி, வேறு யாருடையதோ போல இருந்தது. அடுத்த நாளே ஒரு தடியை ஊன்றிக்கொண்டு வயலுக்குப் போனார். ஒன்றுவிட்ட தம்பி இவருடைய சொல்லைக் கேட்காமல் செய்த நெல் நன்றாகவே விளைந்திருந்தது. இவர் வரம்பில் நின்று கனநேரம் பார்த்துவிட்டு, “பரவாயில்லை” என்றார். தம்பி அதை ஒரு பட்டம் போல ஏற்றுக்கொண்டார். அவருடைய போனிலும் சார்ஜ் திரும்பி வந்தது.

அறுவடை முடிந்த கிழமை அண்ணா போன் எடுத்தார். அந்த விளையாட்டின் புதிய பாகம் வரப்போகிறதாம், நாலு எடிசனாம், முந்திப் பதிந்தால் ஒரு குதிரை இலவசமாம். கணவர் என் கையிலிருந்து போனை வாங்கி ஸ்பீக்கரில் போட்டுக்கொண்டார்.

“மச்சான், நாலுக்குள்ளையும் என்னென்ன கிடக்கு?”

அண்ணா ஏதோ சொல்லத் தொடங்கி இழுத்தார்.

“பாஸிலை வாற சாமான் தனியவும் விப்பினமோ? லப்டொப்புக்கோ டிவிக்கோ? திருப்பிக் குடுக்க எத்தினை மணித்தியாலம்?”

அண்ணா, “மச்சான், நீங்கள் ஒண்டும் யோசியாதேங்கோ, பெரிசா இருக்கிறதை நான் வாங்கி அனுப்பிவிடுறன்” என்றார்.

“வேண்டாம். ஒரு வருசம் போகட்டும். எல்லாத்தையும் ஒண்டாக் கட்டி அரைவாசி விலைக்குத் தருவாங்கள். அப்ப பார்ப்பம்” என்று சொல்லிப் போனை என்னிடம் தந்துவிட்டு, தடியை எடுத்துக்கொண்டு நெல் காயப் போட்டிருந்த பக்கம் போனார். அண்ணா என்னிடம் கேட்டார்: “மச்சானுக்கு உதெல்லாம் ஆர் சொல்லிக் குடுத்தது?”

பதினேழு வருடத்தில் முதல் தடவையாக அந்த மனிசன் என் கொப்பியை எடுத்து வாசித்திருக்கிறார். அண்ணாவிடம் அதைச் சொல்லவில்லை. “தெரியேல்லை அண்ணா” என்றேன்.