சட்டைப் பையில் கொலுசு

ஓர் ஆண்பிள்ளையின் சட்டைப் பையிலிருந்து கொலுசுச் சத்தம் வருவதை நான் வேறெங்கும் கேட்டதில்லை. படூரில் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் பொதுக்கூடத்தில், பள்ளி விட்டு வரும் பிள்ளைகளுக்காக மாலையில் ஜியு ஜிட்சு வகுப்பு நடந்தது. அங்கே சில வருடங்கள் நான் உதவிப் பயிற்சியாளராக இருந்தேன். பாயில் ஏறுவதற்கு முன் வளையல், தோடு, கொலுசு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும் என்பது விதி. மற்ற பிள்ளைகளின் நகைகள் அம்மாக்களின் கைப்பைக்குள் போய்விடும். ஒரே ஒரு சிறுமியின் கொலுசை மட்டும் அவளுடைய அப்பா வாசலில் குந்தி உட்கார்ந்து, தடித்த விரல்களால் அந்தக் கடுகளவு திருகாணியோடு மல்லுக்கட்டிக் கழற்றித் தன் சட்டைப் பையில் போட்டுக்கொள்வார். பிறகு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து வகுப்பு முடியும்வரை கண்கொட்டாமல் பார்ப்பார். மகள் கீழே விழும்போதெல்லாம் அவர் முன்னால் சாய்வார், பை கிணுகிணுக்கும். நான் மறுகோடியில் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாலும் அந்தப் பெண் விழுந்துவிட்டாள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

பிள்ளைகள் அவரை ஜேசிபி அப்பா என்றுதான் சொன்னார்கள். செய்யூர்ப் பக்கம் வேர்க்கடலை பயிரிடும் குடும்பம். இவர் மட்டும் மண் அள்ளும் இயந்திரம் ஓட்டப் பழகி, சாலை நெடுகக் கட்டடங்கள் எழும்ப எழும்ப வேலையைத் தொடர்ந்து வந்து, படூர் ஊருக்குள் வாடகைக்குக் குடியேறிவிட்டார். ஒருநாள் வேலை முடிய நேரமாகிவிட்டதென்று அந்த மஞ்சள் இயந்திரத்திலேயே மகளை ஏற்றிக்கொண்டு குடியிருப்பின் வாசலுக்கு வந்து நின்றார். செக்யூரிட்டி இரண்டு கைகளையும் விரித்துக்கொண்டு குறுக்கே நிற்க, உள்ளே எல்லாப் பிள்ளைகளும் ஜன்னலில் தொற்றிக்கொண்டு பார்த்தார்கள். அன்றோடு பிள்ளைகளிடையே அந்தப் பெண்ணின் மதிப்பு எங்கேயோ உயரத்துக்குப் போய்விட்டது. மற்ற பெற்றோர்கள் செல்போனைத் தடவியபடி அரையாண்டுப் பரீட்சையைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பார்கள். இவர் அதில் கலந்துகொள்ள மாட்டார். ஏன் இந்த வகுப்பைத் தேடிப் பிடித்தீர்கள் என்று ஒருமுறை கேட்டேன். "இன்னா மேடம் பண்றது? நான் வேலைக்குப் பூட்றேன், எங்க வூட்டு அம்மாவும் கம்பெனி கேன்டீனுக்குப் பூடுது. ஸ்கூல் வுட்டு வந்து புள்ள தனியாத்தான் கீது. எவனாவது கையப் புடிச்சா உதறிக்கினு ஓடத் தெரியணும். அவ்ளோதான். மெடலுலாம் வாணாம்" என்றார். மெடல் ஆசையோடு பிள்ளைகளைக் கொண்டுவந்து தள்ளுகிறவர்களையே பார்த்துச் சலித்திருந்த எனக்கு அந்தப் பதில் பிடித்திருந்தது.

ஜியு ஜிட்சு என்றால் கத்திக்கொண்டே குத்துவது என்று நினைப்பவர்கள் உண்டு. இதில் குத்தும் இல்லை, உதையும் இல்லை. பிடிப்பது, அமுக்குவது, அமுக்கியவரிடமிருந்து நழுவுவது, அவ்வளவுதான். புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கு முதலில் சொல்லித் தருவதே கீழே விழுந்த பிறகு எழுந்து வருவதுதான். மல்லாந்து கிடக்க வேண்டும், மேலே வருபவரின் இடுப்பில் பாதத்தை வைத்து உந்தித் தள்ள வேண்டும், கிடைத்த இடைவெளியில் எழுந்துகொள்ள வேண்டும். எல்லாப் பிள்ளைகளும் இதை ஒரே வாரத்தில் பிடித்துக்கொள்வார்கள். இந்தப் பெண்ணும் பிடித்துக்கொண்டாள். ஆனால் பாதம் எதிராளியின் மேல் பட்ட மறுகணமே எல்லாவற்றையும் விட்டுவிட்டு, கால் பட்ட இடத்தைக் கையால் தொட்டு இரண்டு கண்களிலும் ஒற்றிக்கொள்வாள். அதற்குள் எதிராளி மேலே ஏறி உட்கார்ந்திருப்பான். மூச்சு முட்டினாலும் சரி, அடுத்தமுறை கால் பட்டால் கை தானாகப் போகும். நம் வீடுகளில் வளர்ந்த யாருக்கும் அது புதிதல்ல. பேருந்தில் பக்கத்தில் இருப்பவர் மேல் கால் பட்டால் என் கையும் அப்படித்தான் போகிறது. வேடிக்கை என்னவென்றால், அது ஒட்டுவாரொட்டியாகப் பரவியது. ஒருநாள் திரும்பிப் பார்க்கிறேன், வகுப்பு முழுவதும் ஜோடி ஜோடியாக ஒருவரையொருவர் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருக்கிறார்கள். யாரும் யாரிடமிருந்தும் தப்பிக்கிற வழியாகத் தெரியவில்லை. நான் வாய்விட்டுச் சிரித்தேன். எங்கள் பயிற்சியாளர் சிரிக்கவில்லை.

அவர் கோபக்காரர் அல்ல, அளந்து பேசுகிறவர். அன்று வகுப்பு முடிந்ததும் அந்த அப்பாவைத் தனியாக அழைத்தார். "பொண்ணுக்கு எல்லாம் வருது சார். ஆனா நெஜமாவே எவனாவது புடிச்சான்னா, அவன் மேல கால் பட்டதுக்கு அவன்கிட்டயே மன்னிப்பு கேட்டுக்கிட்டு நிப்பா. ஓட மாட்டா. இப்படியே இருந்தா இங்க வந்து பிரயோஜனம் இல்ல" என்றார். முகத்தில் அடித்தாற்போல் சொல்லிவிட்டாரே என்று எனக்குச் சங்கடமாக இருந்தது, ஆனால் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. அந்த அப்பா பையிலிருந்து கொலுசை எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளேயே போட்டார். "நாங்க சொல்லிக் குடுத்ததுதான் மாஸ்டர். புக்கு மேல கால் பட்டாலும் தொட்டுக் கும்புடணும், மன்ஷன் மேல பட்டாலும் தொட்டுக் கும்புடணும்னு. இப்போ வாணாம்னு எப்புடிச் சொல்றது? நாளைக்கு எவனையும் மதிக்காத புள்ளயா ஆயிட்டா?" என்று கேட்டார். அவர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்த விதத்தைப் பார்த்தால், இனிமேல் வர மாட்டார்கள் என்றுதான் தோன்றியது. எனக்கு வருத்தமாக இருந்தது.

ஆனால் அடுத்த வகுப்புக்கு வந்தார்கள். கொலுசைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டவர் நாற்காலிப் பக்கம் போகாமல், "மாஸ்டர், நான் பாய் மேல வரலாமா?" என்று கேட்டார். குழாயடியில் கால் கழுவித் துண்டால் துடைத்துவிட்டுத்தான் வந்திருந்தார். மகளை மல்லாந்து படுக்கச் சொல்லி, அவள் காலடியில் எதிராளியைப் போல மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"ம், இடுப்புல கால வெய்யி. தள்ளு."

அவள் இரண்டு முழங்கால்களையும் மார்போடு சேர்த்துக் கட்டிக்கொண்டாள். "மாட்டேம்ப்பா. உன் மேலயா?"

"வெய்யி கண்ணு."

"பாவம் வந்துடும்." அவள் கண்கள் நிறைந்துவிட்டன. பெற்றோர்கள் செல்போனைக் கீழே வைத்துவிட்டார்கள்.

அவர் சற்று நேரம் தாடையைச் சொறிந்துகொண்டு யோசித்தார். பிறகு சந்தையில் பேரம் பேசுகிற குரலில் சொன்னார்: "செரி, ஒண்ணு பண்ணு. இப்போ ஒரே வாட்டி நல்லா கும்புட்டுக்கோ. இனிமே படப்போற காலுக்குலாம் சேத்து மொத்தமா."

"இன்னிக்கு மட்டுமா?"

"எப்பவும்."

"உனக்கு மட்டுமா, எல்லாருக்குமா?"

"எல்லாருக்கும்தான்."

அவள் யோசித்தாள். "கெட்டவன் வந்தா?"

"அவனுக்குக் கும்புடுலாம் கெடையாது. ஒதச்சுத் தள்ளிட்டு ஓடியா."

அவள் எழுந்து உட்கார்ந்தாள். வழக்கமான அவசரம் இல்லாமல், அப்பாவின் மார்பை இரண்டு கைகளாலும் தொட்டு நிதானமாகக் கண்களில் ஒற்றிக்கொண்டாள். பிறகு படுத்து, அவர் இடுப்பில் பாதத்தை வைத்து ஒரே உந்தாக உந்தினாள். அவர் அதை எதிர்பார்க்கவில்லை. பொத்தென்று பின்னால் சாய்ந்தார், பைக்குள் கொலுசு குலுங்கியது. அவள் நாங்கள் சொல்லித் தந்தபடியே எழுந்து நின்று, பயந்துபோய் அவரைப் பார்த்தாள். அவர் பாயில் கிடந்தபடி சிரித்துக்கொண்டிருந்தார். ஏற்கெனவே நேராக இருந்த பாய்களை நேராக்குகிற சாக்கில் அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

எங்கிருந்து வந்தது இந்த யோசனை என்று வெளியே போகும்போது கேட்டேன். "புது எடத்துல மண்ணைத் தோண்டுறதுக்கு மின்னாடி கற்பூரம் கொளுத்திக் கும்புட்டுத்தானே மேடம் வண்டிய எறக்குறோம். அப்புறம் ஒவ்வொரு பக்கெட்டு மண்ணுக்குமா கொளுத்திகினு கீறோம்?" என்றார். அதற்குப் பிறகு பயிற்சியாளர், எங்கள் வழக்கமான வணக்கத்தோடு பிள்ளைகள் பாயை ஒருமுறை தொட்டுக் கண்ணில் ஒற்றி முடிக்கும்வரை காத்திருந்துதான் வகுப்பைத் தொடங்கினார். நடுவில் யாரும் யாரையும் தொட்டுக் கும்பிடவில்லை. அந்தப் பெண் பெரிய வீராங்கனையாகவெல்லாம் வரவில்லை, ஆனால் அவளை அமுக்கி வைத்திருப்பது யாருக்கும் சுலபமாக இல்லை. பிறகு எனக்குச் செங்கல்பட்டில் ஒரு பள்ளியில் உடற்கல்வி ஆசிரியை வேலை கிடைத்தது. படூரையும் அந்தக் கூடத்தையும் மறந்துவிட்டேன் என்றே சொல்ல வேண்டும்.

போன மாதம் பழைய பயிற்சியாளர் போன் செய்தபோதுதான், மழையில் இயந்திரத்தின் படியில் வழுக்கி விழுந்து ஜேசிபி அப்பாவின் இடது கால் முறிந்த சேதி தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை பார்க்கப் போனேன். காலில் பெரிய கட்டோடு கட்டிலில் படுத்திருந்தார். ஆள் பாதியாகிவிட்டார். மீசை நரைத்திருந்தது. மனைவி கேன்டீனுக்குப் போயிருந்தார். மகள் பிளஸ் ஒன் படிக்கிறாள், அப்பாவை விட உயரமாக வளர்ந்துவிட்டாள். "ஊட்டுக்கு வந்தவங்கள எந்திரிச்சி வாங்கன்னு சொல்ல முடில பாரு மேடம்" என்று அவர் குறைபட்டுக்கொண்டார். மாத்திரை நேரம் வந்தது, அவரைத் தூக்கி உட்காரவைக்க வேண்டும். நான் எழுந்ததும் அவள், "வாணாம் மேடம், எனக்குப் பழக்கந்தான்" என்றாள். தரையில் உட்கார்ந்து, கட்டுத் துணியில் மாட்டிக்கொள்ளும் என்று சொல்லியபடியே தன் கொலுசுகளைக் கழற்றினாள். கழற்றியவற்றை, எங்கே வைப்பது என்று யோசிக்காமலே, அப்பாவின் சட்டைப் பையில் போட்டாள்.

பிறகு கட்டிலில் ஏறி, அவர் வழுக்கிவிடாமல் வலது இடுப்போரம் பாதத்தை முட்டுக்கொடுத்து, அக்குளுக்குள் கைகளைக் கொடுத்து ஒரே மூச்சில் இழுத்து உட்காரவைத்தாள். அந்த இழுப்பில் அவருடைய நல்ல கால் எழும்பி மகளின் முழங்காலில் பட்டுவிட்டது. வலியில் முகம் சுருங்கியிருந்தவர், அதற்கு நடுவிலும் கையை நீட்டி அவள் முழங்காலைத் தொட்டுத் தன் கண்களில் ஒற்றிக்கொண்டார்.

"இன்னாப்பா நீ" என்று அவள் அந்தக் கையைப் பிடித்துக் கீழே வைத்தாள். "அதான் அன்னிக்கே மொத்தமா கும்புட்டாச்சுல்ல. ரெண்டு பேருக்கும் சேத்துத்தான்."

அவர் சிரிக்கப் பார்த்தார். பைக்குள் கொலுசு கொஞ்ச நேரம் சத்தம் போட்டுக்கொண்டே இருந்தது.