கட்டைப்பையில் கசகசா

கப்பலில் எதையெல்லாம் ஏற்றக் கூடாது என்று பெயிண்ட் கம்பெனிக்காரர் எங்களுக்குத் தெளிவாகத்தான் சொன்னார். பஸ் ஸ்டாண்டு பக்கத்து லாட்ஜ் மாடியில் கூட்டம் போட்டு, வடையும் காபியும் கொடுத்து, மைக் பிடித்தே சொன்னார். குடிக்கிற சாமான் எதையும் வெளியிலிருந்து கொண்டு வரக் கூடாது. ஏறுகிற இடத்தில் பையை மெஷினில் விட்டுப் பார்ப்பார்கள், இருந்தால் எடுத்து வைத்துக்கொள்வார்கள். நாங்கள் எல்லோரும் தலையாட்டிக்கொண்டு கேட்டோம். எதை எங்கே ஒளித்துக் கொண்டுபோவது என்று பாடம் நடத்துகிறார் என்றுதான் அத்தனை பேரும் புரிந்துகொண்டோம்.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை விட்டுவிட்டது. நான்தான் அதை விட்டேன் என்று வெளியில் சொல்லிக்கொள்வேன். சுவருக்குச் சுண்ணாம்பு அடித்துக்கொண்டிருந்தவன். மாவட்டம் பிரிந்து, கலெக்டர் ஆபீஸ் வந்து, ஊருக்கு வெளியே வேங்கிக்காலில் முள்ளுக்காடாகக் கிடந்த இடமெல்லாம் வீடாக முளைத்தபோது, சின்னதாக ஒரு பெயிண்ட் கடை போட்டேன். அரசாங்க உத்தியோகக்காரர்களுக்குப் பச்சையும் ரோஸும் ரொம்பப் பிடிக்கும். அந்தப் பச்சையும் ரோஸும்தான் என்னை சிங்கப்பூர் வரைக்கும் தள்ளிக்கொண்டு போனது. நிறைய விற்ற கடைக்காரர்களைக் கம்பெனியே ஜோடியாக அழைத்துப்போய், சிங்கப்பூர் காட்டி, அங்கிருந்து ஒரு சொகுசுக் கப்பலில் ஏற்றிச் சுற்றிக் காட்டுவதாக ஏற்பாடு.

என் வீட்டுக்காரியின் அப்பா கிரிவலப் பாதையில் பௌர்ணமிக்குப் பௌர்ணமி சர்பத் கடை போட்டவர். அதனால் எங்கள் வீட்டில் தலைவலி, கோபம், துக்கம், மாமியார் வருகை எல்லாவற்றுக்கும் நன்னாரி சர்பத்துதான். கப்பலுக்கும் அவளே இரண்டு பாட்டிலில் சர்பத் காய்ச்சி ஊற்றினாள். முறுக்கு, எலுமிச்சை ஊறுகாய், புளிக்காய்ச்சல் எல்லாம் ஒரு ஜவுளிக்கடைக் கட்டைப்பையில் ஏறின. கூடாது என்று சொல்லியிருக்கிறார்களே என்று கேட்டேன். "பொம்பள கையில இருக்கிற சோத்து மூட்டைய எவன் தொறந்து பாப்பான்" என்றாள். அவளுக்குச் சட்டம் என்றால் ஆம்பளைகளுக்குப் போட்டது.

எனக்கும் ஒரு சொந்த ஏற்பாடு இருந்தது. கப்பலில் பிராந்தி யானை விலை என்று கேள்விப்பட்டிருந்தேன். வீட்டில் இன்னொரு காலி சர்பத் பாட்டில் கிடந்தது. அதைக் கழுவி, பிராந்தியை ஊற்றி, மூடியைத் திருகி, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே ஷேடு. கலர் கலந்து கொடுக்கிற தொழில் செய்கிறவனுக்கு இதைவிடப் பெருமை வேறென்ன வேண்டும். லுங்கியில் சுற்றி என் பெட்டிக்குள் வைத்துவிட்டு, ஒன்றும் தெரியாதவன் மாதிரி மலையைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டேன்.

கிளம்புகிற அன்று அவள் கட்டைப்பையின் வாயைக் கட்டிக்கொண்டே, கசகசாவும் கொஞ்சம் எடுத்துக்கொண்டேன், கடல் காத்து சூடு என்று ஏதோ சொன்னாள். எனக்கு ஐவரிக்கும் ஆஃப் ஒயிட்டுக்கும் கண்ணை மூடிக்கொண்டு வித்தியாசம் சொல்லத் தெரியும். சீரகத்துக்கும் சோம்புக்கும் தெரியாது. சரி சரி என்றேன்.

பாட்டில் இருந்ததால் கட்டைப்பையையும் பெட்டிகளோடு விமானத்தின் அடியில் போட்டுவிட்டோம். உள்ளே, சிங்கப்பூரில் இறங்கும்போது காட்டுவதற்கு ஒரு அட்டை கொடுத்தார்கள். அதில் சிவப்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. எங்களோடு வந்த கம்பெனிப் பையன் எல்லோருடைய அட்டையையும் நிரப்பிக் கொடுத்தான். சிவப்பில் என்ன போட்டிருக்கிறது என்று கேட்டேன். "போதை மருந்து கடத்துனா தூக்குனு போட்டிருக்குங்க" என்றான். நல்ல சிவப்பு, அடித்தால் ஒரே கோட்டிங்கிலேயே சுவர் மூடும் என்று நான் பதில் சொன்னேன். பக்கத்து சீட்டுக்காரர்கள் சிரித்தார்கள். அந்தச் சிரிப்புக்கு நான் பிற்பாடு வட்டியோடு கட்டினேன்.

சிங்கப்பூரில் ஒரு நாள் சுற்றிவிட்டு, மறுநாள் மத்தியானம் துறைமுகத்துக்குப் போனோம். கப்பலைப் பார்த்ததும் எனக்கு முதலில் தோன்றியது, இதற்கு வெள்ளையடிக்க எத்தனை டின் ஆகும் என்பதுதான். ஒரு பெரிய ஹாலில் பாம்பு மாதிரி வளைந்து வளைந்து வரிசை. பெண்களெல்லாம் பேச்சு சுவாரசியத்தில் ஒன்றாகச் சேர்ந்து முன்னால் போய்விட்டார்கள். நானும், எங்கள் ஊரில் இரும்புக்கடையும் பெயிண்டுக்கடையும் சேர்த்து வைத்திருக்கிற பாயும் பின்னால் மாட்டிக்கொண்டோம். மனுஷன் அத்தர் வாசனையும் நல்ல மனசுமாக இருப்பார். பயமுறுத்த வேண்டும் என்று ஒரு நாளும் நினைக்க மாட்டார். அதனால்தான் அவர் சொன்னதும் எனக்கு அப்படியே இறங்கிவிட்டது.

பைகளை மெஷினில் விடுவதைப் பார்த்துக்கொண்டே அவர் சொன்னார், "முறுக்கு, ஊறுகா போனா போவுது. கசகசா மட்டும் யாரும் எடுத்துட்டு வந்துடலியே? இங்க அது போதை சாமான் கணக்கு. துபாய்ல எங்க மச்சான்கூட வேல பாத்தவன, பிரியாணிக்குனு ஒரு பொட்லம் கொண்டு போனான், உள்ள வெச்சுட்டாங்க."

"கசகசாவா" என்றேன்.

"ஆமா, கசகசாதான். அபின் செடியோட விதையாமே அது. நமக்கு எங்க தெரியுது? ஆட்டுக்கறிக் குழம்புல அரைச்சி ஊத்துறோம்."

வேங்கிக்காலில் ஒரு மூன்று மாடி வீட்டுக்கு வெளிச்சுவர் அடித்தபோது, நான் உட்கார்ந்திருந்த கயிற்றுப் பலகையின் ஒரு முடிச்சு மேலே நழுவியது. கீழே விழவில்லை, ஒரு முழம் இறங்கி நின்றுவிட்டது. அந்த ஒரு முழம் இறங்கும்போது வயிறு எங்கே போனதோ, அதே இடத்துக்கு இப்போதும் போனது. அன்றைக்குக் கயிறு என்னோடது. இன்றைக்குக் கயிறு என் வீட்டுக்காரிக்கு.

யோசித்துப் பார்த்தேன். பெட்டிகள் என் பேரில். கட்டைப்பை அவள் கையில். அவள் பாஸ்போர்ட் அவள் கழுத்தில் தொங்குகிற சின்னப் பையில். மாட்டினால் அவள்தான். பிள்ளைகளை அவள் அண்ணன் வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறோம். ஊரில் பஸ்ஸை விட்டு நான் மட்டும் இறங்கினால் அந்த அண்ணன் என்ன கேட்பான்? எங்கடா என் தங்கச்சி என்பான். முறுக்கு கொண்டு வந்தாள், கூடவே கசகசாவும் கொண்டு வந்தாள், அதனால் சிங்கப்பூர்க்காரர்கள் வைத்துக்கொண்டார்கள் என்று சொல்ல முடியுமா. இந்த இடத்தில் சிரிக்கலாம். நான் அப்போது சிரிக்கவில்லை. காதுக்குள் ஹோ என்று சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது, பாய் பேசுவதே காதில் விழவில்லை.

பெட்டியை இழுத்துக்கொண்டு, வரிசைக் கயிற்றுக்கு அடியில் குனிந்து குனிந்து இரண்டு வளைவு தாண்டி அவள் பக்கத்தில் போனேன். வெள்ளைக்காரர்கள் முறைத்தார்கள். அவள் முழங்கையைத் தொட்டு, கசகசா எங்கே என்று மூச்சுக்காற்றில் கேட்டேன்.

அவளுக்கு மெதுவாகப் பேச வராது. சர்பத் கடையில் வளர்ந்தவள். "கசகசாவா? தோ கட்டைப்பையிலதான் இருக்குது கசகசா. இப்பவே குடிக்கணுமா உங்களுக்கு?" என்று ஹால் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

மெஷின் பக்கத்தில் யூனிபாரத்தோடு நின்ற ஒரு பெண் திரும்பிப் பார்த்தது. கறுப்பாக, ஒல்லியாக, நெற்றியில் சின்னப் பொட்டு. நம்ம ஆளு. தமிழ் தெரிந்த ஆள். எனக்கு இருந்த கொஞ்சநஞ்ச உயிரும் அங்கேயே நின்றது. சீனாக்காரனாக இருந்தால் கசகசா என்பதை ஏதோ தும்மல் என்று நினைத்திருப்பான்.

அதைத் தூக்கிக் கீழே போட்டுவிடு என்று கெஞ்சினேன். எதற்கு என்று அவள் கேட்டாள். சொன்னால் இவள் இங்கேயே அழுது காட்டிக்கொடுத்துவிடுவாள் என்று பயம். போடு, அவ்வளவுதான் என்றேன். "இந்த ஊர்ல கீழ ஒரு பேப்பர் போட்டாகூட புடிச்சுக்குவாங்கனு நீங்கதான நேத்து சொன்னீங்க. இப்ப எதுக்கு என்ன மாட்டி வுடப் பாக்கறீங்க?" என்று அவள் திருப்பிக்கொண்டாள்.

அதற்குள் வரிசை நகர்ந்துவிட்டது. என் பெட்டி மெஷினுக்குள் போய் அந்தப் பக்கம் வந்து நின்றது. அடுத்து கட்டைப்பை. உள்ளே போனது. பெல்ட் நின்றது. திரையைப் பார்த்துக்கொண்டிருந்த ஆள் அந்தப் பெண்ணிடம் ஏதோ சொன்னான். அந்தப் பெண் கையுறையை இழுத்துவிட்டுக்கொண்டு கட்டைப்பையின் காதைப் பிடித்துத் தூக்கியது.

பயந்தவனுக்கு மூளை வேலை செய்யாது என்பார்கள். எனக்குச் செய்தது, கோணலாகச் செய்தது. பெரிய குற்றம் கண்ணில் படாமல் இருக்க, ஒரு சின்னக் குற்றத்தை முன்னால் தூக்கிப் போட வேண்டும். சுவரில் விரிசல் இருந்தால் பக்கத்தில் ஒரு காலண்டரை மாட்டுவோமே, அந்த மாதிரி.

"மேடம்" என்று கத்தினேன். "எங்கிட்ட பிராந்தி இருக்குது. பெட்டியில, லுங்கிக்குள்ள. என்னப் புடிங்க மேடம்."

எங்கள் ஊர்க் கடைக்காரர்கள் அத்தனை பேரும் என்னைப் பார்த்தார்கள். அதில் பாதிப் பேர் பெட்டியிலும் லுங்கிக்குள் இதே சாமான் இருந்ததால், அவர்கள் பார்த்த பார்வை அன்பாக இல்லை. என் வீட்டுக்காரி மட்டும் என்னைப் பார்க்காமல் எதிரே இருந்த சுவரைப் பார்த்தாள்.

அந்தப் பெண் கட்டைப்பையை வைத்துவிட்டு என் பெட்டியைத் திறந்தது. லுங்கியைப் பிரித்து, பாட்டிலைத் திருகி, மூக்குக்கிட்டே கொண்டுபோனது. மறுபடியும் மோந்தது. பிறகு என்னை மேலும் கீழும் பார்த்தது.

"என்னண்ணே, பிராந்தின்னு சொல்றீங்க. நன்னாரி வாசன அடிக்குது."

இருக்காது என்றேன். நானே ஊற்றினேன் என்றேன். என் குற்றத்தை நான் ஒப்புக்கொள்ள, அதிகாரி இல்லை என்று மறுக்க, இப்படி ஒரு வழக்கு அந்தத் துறைமுகத்தில் நடந்திருக்காது. நான் தலையைத் திருப்பி வீட்டுக்காரியைப் பார்த்தேன். அவள் இன்னமும் சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது எனக்குப் புரிந்தது. என் பிராந்தி வேங்கிக்கால் சாக்கடையோடு எப்போதோ போய்விட்டது. அதில் இருந்தது மூன்றாவது பாட்டில் சர்பத். ஷேடு அத்தனை கச்சிதமாகப் பொருந்தியிருந்ததால் நான்தான் கண்டுபிடிக்கவில்லை.

ஆக, தூக்கிப் போட என்னிடம் சின்னக் குற்றமும் இல்லை. அந்தப் பெண் மறுபடி கட்டைப்பைக்குப் போனது. இரண்டு பாட்டில்களை எடுத்து வைத்தது. முறுக்கை ஒதுக்கியது. அடியிலிருந்து ஒரு சின்ன பிளாஸ்டிக் பொட்டலத்தை எடுத்தது.

"இது என்னாக்கா?"

"கசகசா" என்றாள் என் வீட்டுக்காரி, சர்பத் கடைக் குரலில்.

நான் பக்கத்தில் இருந்த கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பின்னாலிருந்து பாய் ஏதோ ஓதுகிற சத்தம் கேட்டது. அந்தப் பெண்ணின் முகம் மாறியதை நான் பார்த்தேன். சிரிப்பு போய்விட்டது. பொட்டலத்தின் ரப்பர் பேண்டைக் கழற்றி, உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டி, விரலால் பரப்பியது. எனக்கு அந்தக் கையைப் பார்க்கத் தைரியமில்லை. கையுறையை மட்டும் பார்த்தேன். நல்ல நீலம்.

"அக்கா" என்றது அந்தப் பெண். "கசகசா வெள்ளையால்ல இருக்கும். இது கறுப்பா இருக்கு. இது சப்ஜா வெத."

"சர்பத்துல ஊறப் போடறதுதானே? எங்க அப்பா கடையில இதுக்குக் கசகசானுதான் பேரு."

அந்தப் பெண் விதையைப் பொட்டலத்திலேயே கொட்டி ரப்பர் பேண்டைப் போட்டது. பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னது, "எங்க அம்மாவும் அப்படித்தான் சொல்லும். ஆனா இந்தப் பேர இங்க சத்தமா சொல்லாதீங்க அக்கா."

பாட்டில் மூன்றையும் அட்டை கட்டி எடுத்து வைத்துக்கொண்டார்கள், இறங்கும்போது கொடுப்பார்களாம். விதையையும் முறுக்கையும் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். கட்டைப்பையை நானே வாங்கித் தூக்கிக்கொண்டு கப்பலில் ஏறினேன்.

கப்பல் நகர்ந்த பிறகு மேல்தளத்தில் உட்கார்ந்தோம். எல்லோரும் கடலைப் பார்த்தார்கள். நான் கட்டைப்பையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவள் டீ வைத்திருந்த மேஜையிலிருந்து சர்க்கரைப் பொட்டலங்களை எடுத்துவந்து, ஒரு கிளாஸ் தண்ணீரில் கரைத்து, விதையைத் தூவினாள். விதைகள் ஒவ்வொன்றும் மெல்ல உப்பி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டன. நடுவில் மட்டும் கறுப்பு.

"அத்தன பேர் முன்னாடி எதுக்குப் பிராந்தினு கத்தினீங்க?" என்று கேட்டாள்.

சொன்னேன். பாய் சொன்னது, அட்டையில் இருந்த சிவப்பு எழுத்து, கயிறு, அவள் அண்ணன், எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சிரிக்கவில்லை. கை தானாகக் கழுத்துக்குப் போனது. தாலியை ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டு, புடவைக்குள் விட்டுக்கொண்டாள்.

"எனக்குப் பதிலா நீங்க போலாம்னு நின்னீங்களா?"

அவள் முகத்தைப் பார்த்ததும் ஆமாம் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் எனக்கு ஒழுங்காக ஒரு நல்ல வார்த்தை என்றைக்கு வந்திருக்கிறது.

"பிராந்திக்குத் தூக்கு இல்லனு தெரிஞ்சுதான் நின்னேன்" என்றேன்.

கிளாஸை என் பக்கம் நகர்த்தினாள். இரண்டு கையாலும் பிடித்தும் அது தளும்பியது. அவள் தன் கையை என் கைமேல் வைத்து அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அப்போதுதான் தெரிந்தது, அவள் கையும் நடுங்கிக்கொண்டிருந்தது. இரண்டு பேர் நடுக்கத்தில் விதைகள் கிளாஸுக்குள் ஏறி இறங்கின.

"குடிங்க" என்றாள். "சூடு தணியும்."